இருபத்து மூன்றாம் ஸ்லைடு

ஆய்வகத்தில் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பெயர். ஃபிரிட்ஜுக்குப் பூட்டு, அலமாரிக்குப் பூட்டு, தேநீர்க் கோப்பைக்குக்கூட ஒரு மூடி. மூன்று வருடமாக வாய்ப் புற்றுநோய்த் திசுக்களைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்திருப்பவள் வேறெப்படி இருப்பாள்?

அதனால்தான், வசதியில்லாத ஊர்களின் இளம் ஆய்வாளர்களுக்குக் கைகொடுக்கும் திட்டம் ஒன்றில் அவளைச் சேர்த்துக்கொண்டதாகக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேராசிரியை எழுதியபோது, சந்தோஷப்படுவதற்கு முன்னால் கடிதத்தை மூன்று முறை படித்தாள். ரசாயனங்கள் இலவசம். இரண்டு வருட வழிகாட்டல் இலவசம். திசு ஒட்டிய நாற்பது கண்ணாடி ஸ்லைடுகளை, எது புற்றுநோய் என்ற பட்டியலோடு அனுப்பினால் போதும், பேராசிரியையும் ஒருமுறை பார்த்துச் சொல்வாராம்.

“வந்துட்டாங்க பாருங்க, சுருட்டிட்டுப் போக,” என்றாள்.

இதே நாற்காலியில் முன்பு இருந்த சீனியரும் இப்படித்தான் ஒரு பெரிய மனிதருக்கு அனுப்பினார். அடுத்த வருடம் அந்தப் பெரிய மனிதரின் பெயரில் கட்டுரை வெளிவந்தது. சீனியரின் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், எழுத்துப்பிழையோடு இருந்தது. இப்போது அவர் மருந்து விற்கிறார்.

“அப்ப அனுப்பாம இருந்துடேன்,” என்றார் டெக்னீஷியன் அண்ணன். திசுவை முடியைவிட மெல்லிசாகச் சீவுவார். பேச்சை மட்டும் தடியாகத்தான் வெட்டுவார்.

“ரசாயனம் யார் தருவா? உங்க மாமனாரா?”

“அவரு பொண்ணு குடுத்ததே பெரிசு.”

யோசித்து யோசித்து அவள் ஒரு வலை விரித்தாள். போன மாதம் அண்ணனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியபோது கூடவே வந்த ஈறுத் துணுக்கை, வெட்டிப் பழக உதவும் என்று அவரே கொண்டுவந்து வைத்திருந்தார். அதை இருபத்து மூன்றாவதாகச் செருகி, பட்டியலில் ‘புற்றுநோய்’ என்று எழுதினாள். அந்த அம்மாள் பட்டியலை அப்படியே சுருட்டிக் கட்டுரை போட்டால், நாற்பதில் ஒன்று அண்ணனின் ஈறு. திருட்டைக் காட்டிக்கொடுக்க அது போதும்.

“என் ஈறையே பணயம் வெக்கிற.”

“வாடகைக்குத்தானே அண்ணே.”

ஐந்து வாரம் சத்தமே இல்லை. பேராசிரியையின் பெயரைத் தினமும் இணையத்தில் தேடினாள். புதுக் கட்டுரை எதுவும் வரவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒரு காலையில் வீடியோ அழைப்பு. பேராசிரியை வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“இருபத்து மூணு யாரும்மா? ஆபரேஷன் ஆயிடுச்சா?”

“ஏன் மேடம்?”

“அது புற்றுநோயே இல்ல. இன்னும் ரெண்டு பேர்கிட்ட காட்டிட்டேன். தாடையை எடுக்கப் போறாங்கன்னா உடனே நிறுத்தச் சொல்லு. டாக்டர் நம்பர் குடு, நானே பேசறேன்.”

பின்னால் நின்ற அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டார்.

ஸ்லைடு எண் மாறிவிட்டது என்று ஒரு பொய் சொன்னால் முடிந்தது. அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இல்லாத ஒரு நோயாளிக்காக அந்த முகம் பதறிக்கொண்டிருந்தது. திட்டத்தில் இடம் போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினாள், சீனியரின் கதை உட்பட.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையை ஆசையோடு பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

“ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல,” என்றார் பேராசிரியை. “உன்னை இப்பவே வெளிய அனுப்பணும்னுதான் தோணுது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சின்ன வயசுல எனக்கும் உன் சீனியருக்கு நடந்த மாதிரியே நடந்துச்சு. நான் அழுதுட்டுப் பேசாம இருந்துட்டேன். இன்னொரு பொய் எழுதினா நீ திட்டத்துல இல்ல. கட்டுரைல யார் பேர் முதல்லன்னு இன்னைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். அப்புறம், அந்த ஈறுக்காரரைப் பல் டாக்டர்கிட்ட போகச் சொல்லு. வீங்கியிருக்கு.”

மாலையில் ஒப்பந்தம் வந்தது. முதல் பெயர் அவளுடையது, பிழையில்லாமல். அண்ணனின் பெயரும் இருந்தது. பூட்டு அதை அச்செடுத்து, கையெழுத்தைப் பழைய கடிதத்தோடு வைத்து ஒத்துப் பார்த்தாள்.

“இன்னும் என்ன?” என்றார் அண்ணன், கன்னத்தைப் பிடித்தபடி.

“ஒண்ணுமில்ல. மேடம் சாப்பிட்டாங்களான்னு கேட்டு எழுதப் போறேன்.”

எழுதினாள். அனுப்புவதற்கு முன் அதையும் மூன்று முறை படித்தாள்.