நவாபுக்கு முதல் மேய்ச்சல்

கிளிஃபர்ட் ஐந்து குதிரைக்காரர்களையும் கூப்பிட்டு வரிசையாய் நிறுத்தி வைத்துத்தான் சொன்னார். அன்புக்கரசியின் குதிரை சிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் லாயத்தைவிட்டுப் போய்விட வேண்டும். அதைக் கேட்டபோது அவள் இடுப்பில் குதிரைச் சாணம் அள்ளின லத்திக் கூடை இருந்தது.

லாயம் கிளிஃபர்டுடையது. அவருடைய குட்டிக் குதிரை டாலி வயிற்றுவலியில் புரண்டு புரண்டு துவண்டுபோயிருந்தது. குடலில் பூச்சி என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூச்சியைக் கொண்டுவந்தது யார்? எல்லார் கண்ணும் விலா எலும்பு தெரிய நின்ற சிட்டுவின்மேல் போனது.

"லுக் அன்பு, உன் குதிரை தின்னுது, உடம்புல ஒட்டல. பூச்சி இல்லாம வேற என்ன? மத்த குதிரைங்களையும் நான் பாக்கணும்ல?"

"இன்னா சார் பேசறீங்க? எங்க இட்டுக்கினு போய்க் கட்டுவேன்? பெரும்பாக்கத்துல எட்டாவது மாடில கீறேன். லிஃப்ட்ல ஏத்தவா?"

யாரோ சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன? சிட்டு இல்லையென்றால் பெசன்ட் நகர் கடற்கரையில் சவாரி இல்லை, சவாரி இல்லையென்றால் அன்புக்கரசி வீட்டில் உலை கொதிக்காது. அதைவிட அவளுக்கு எரிந்தது வேறொன்று. இதே அடையாற்றங்கரையில்தான் அவள் பிறந்தாள். ஆறு உங்களால்தான் நாறுகிறது என்று சொல்லி ஒருநாள் குடிசையை இடித்து, தட்டுமுட்டுச் சாமானோடு லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். ஊர்ச் சாக்கடையெல்லாம் குழாய் வைத்து ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. குடிசை பட்டது. இப்போது சிட்டுவின் எலும்பு படுகிறது.

"லத்திய டெஸ்ட் பண்ணீங்களா சார்?"

"பண்ணியாச்சு. சிட்டுவோடதுல பூச்சி முட்டை இருக்கு."

"மத்த குதிரைங்களோடது?"

"அதுக்கெல்லாம் எதுக்கு? அதெல்லாம் நல்லா இருக்கே."

இப்படியும் ஒரு டெஸ்ட் உண்டா உலகத்தில்!

கிளிஃபர்ட் பக்கத்தில் ஷ்ரவண் நவாபின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். ஆழ்வார்பேட்டையில் கல்யாண ஏற்பாடு செய்து கொடுக்கிற பையன். நவாப் அவனுடையது, ஊர்வலத்தில் மாப்பிள்ளைகளைச் சுமக்கிற வெள்ளைக் குதிரை. உடம்பில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும், அப்படியொரு பளபளப்பு. லாயத்துக்குப் பின்னால் இருந்த புல் திடலில் காலையில் முதலில் இறங்குவது நவாப்தான். அது ஆற அமர மேய்ந்து, லத்தி போட்டுவிட்டுத் திரும்பின பிறகுதான் மற்றவை போகலாம். சிட்டுவின் முறை கடைசி. நவாபுக்கு முதல் மேய்ச்சல் என்று யார் சட்டம் போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் ஒருநாளும் அது மாறினதில்லை.

மறுநாள் காலையில் அன்புக்கரசி யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு குதிரையும் லத்தி போடப்போட, சூடு ஆறுமுன் தனித்தனிக் கவரில் அள்ளி, பெயர் எழுதி, வயர்கூடையில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நல்லதாயிற்று, கூடையை வைக்க இடம் கிடைத்தது.

கால்நடை மருத்துவமனையில், டாலியைப் பார்த்த டாக்டர் ஹமீதுன்னிசா கவர்களைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "எல்லாத்தையும் கொண்டுவரச் சொல்லி கிளிஃபர்ட்கிட்ட அன்னிக்கே சொன்னேனேம்மா? ஒண்ணுதான் வந்தது."

"என் குதிரைக்குப் பூச்சியே கெடையாதும்மா. நீங்களே பாருங்க," என்று அன்புக்கரசி அடித்துச் சொன்னாள்.

அது அப்படி இல்லை. முடிவோடு சனிக்கிழமை டாக்டரே லாயத்துக்கு வந்தார். சிட்டுவுக்கும் பூச்சி இருந்தது, ஆனால் கொஞ்சம்தான், மருந்தே தேவைப்படாத அளவு. அது மெலிந்ததற்குக் காரணம் வாயில் இருந்தது. கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்தது. அரத்தால் ராவிவிட்டால் தின்றது உடம்பில் ஒட்டும் என்றார். தினம் அதன் வாயில் கடிவாளம் மாட்டுகிறவள், ஒருநாள் உள்ளே பார்க்கவில்லையே என்று அன்புக்கரசிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"அப்போ யாருகிட்ட இருந்து டாலிக்கு?" என்றார் கிளிஃபர்ட்.

"நவாப். ஒரு கிராம் லத்தில ரெண்டாயிரம் முட்டைக்கு மேல. கூட்டமா வளக்குற எடத்துல ஒண்ணு ரெண்டு குதிரைதான் முக்கால்வாசி முட்டையும் போடும். அது கொழுகொழுன்னுகூட இருக்கலாம். லத்தில முட்டை பொரிச்சு, புழு புல்லு மேல ஏறும். பின்னால மேயுறதெல்லாம் அத முழுங்கும். குட்டி தாங்காது."

ஷ்ரவணின் முகம் செத்துவிட்டது. "டாக்டர், இது வெளிய தெரிஞ்சா... எனக்கு முகூர்த்த சீசன்."

"எடை பாத்து மருந்து கொடுங்க. ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப டெஸ்ட். திடல்ல தினம் லத்தி அள்ளணும், கொஞ்ச நாளைக்கு யாரும் அங்க மேய வேண்டாம். எந்தக் குதிரையையும் தொரத்தத் தேவையில்ல."

டாக்டர் போனதும் கிளிஃபர்ட் அவளை ஓரமாய்க் கூப்பிட்டார். குரல் தேனாய் வழிந்தது. "அன்பு, சிட்டு இங்கேயே இருக்கட்டும். போதும்ல?"

போதுமா? எலும்புக் குதிரைக்குப் பூச்சி என்றால் வெளியே போ. பளபளக்கிற குதிரைக்குப் பூச்சி என்றால் மருந்து, மௌனம், ரகசியம். அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"போன்னு சொன்னப்ப எல்லாரையும் நிக்க வச்சுச் சொன்னீங்க. இருன்னு சொல்றப்ப காதுல சொல்றீங்களே சார்? கூப்புடுங்க எல்லாரையும்."

கூப்பிட்டார். வேறு வழியில்லை, அவள் குரலுக்கே பாதிப்பேர் வந்துவிட்டிருந்தார்கள்.

"சிட்டுவால இல்ல," என்றார் கிளிஃபர்ட், செருப்பைப் பார்த்துக்கொண்டு. "வேற ஒரு குதிரை. எல்லாரும் இனிமே கொஞ்சம் சுத்தமா..."

"பேரச் சொல்லுங்க சார். என் குதிர பேரச் சொல்றப்ப வாய் கூசலயே."

ஷ்ரவண் போனை எடுத்து எதையோ தேடினான். கிளிஃபர்ட் அவனைப் பார்த்தார், திடலைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார்.

"நவாப்," என்றார், வாய்க்குள்ளேயே.

"கேக்கல சார்," என்றாள் அன்புக்கரசி.