ஒரே நம்பரில் மூன்று பதிவு

காசு எதுவும் வாங்காமல் ஒருவன் நம் பெயரை எழுதிக்கொள்கிறான் என்றால் அதில் வில்லங்கம் இல்லாமல் இருக்குமா? அந்தக் கார் ஷோரூமில் போய் உட்கார்ந்த மாத்திரத்தில் எனக்கு இதுதான் தோன்றியது. எதிரே இருந்த விற்பனையாளன் தேன் ஒழுகப் பேசினான். கோட்டு வேறு. தோள் அகலம் அவனுடையதே இல்லை, கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுபோயிருந்தது. தையல் கடைக்காரி என் முன்னாலேயே இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி நம்புவது?

“வண்டி இன்னும் வரவே இல்ல மேடம். போன வாரம்தான் அறிவிச்சிருக்காங்க. இப்பவே பேர் குடுத்து வெச்சா, வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான்.”

“வராத வண்டிக்கு எதுக்குப் பேரு?”

“அதுக்குப் பேர்தான் மேடம் முன்பதிவு.”

“முன்னாடி எழுதுறீங்க, சரி. பின்னாடி எவனாவது வந்து கூடக் குடுக்கறேன்னா என் பேர அழிச்சிட மாட்டீங்களே?”

சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பேன். இது என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டது. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஊருக்கே வாத்தியார். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு சக்கர நாற்காலிதான். சாதாரணக் காரில் ஏற்ற இரண்டு ஆள் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். ஒருமுறை தெருவே வேடிக்கை பார்க்க அப்படி ஏறினார். “இனிமே என்னை மூட்டை மாதிரி தூக்காதீங்க” என்று சொன்னவர் அதோடு வாசலைத் தாண்டவில்லை. வெளியூரில் மகள் கட்டிய வீட்டை இன்னும் அவர் பார்க்கவில்லை. அவளும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள்.

அந்த மனிதர்தான் தொலைக்காட்சியில் இந்தப் புது வண்டியைப் பார்த்தார். முன் சீட்டு கார்க் கதவுப் பக்கம் திரும்பி, வெளியே வந்து, தாழ்ந்து நிற்கிறது. நாற்காலியிலிருந்து அதற்கு நகர்ந்துவிட்டால் போதும், அதுவே உள்ளே கொண்டுபோய்விடும். “இதுல நான் போவேன்” என்றார். எதுவுமே கேட்காதவர் வாயைத் திறந்து கேட்டுவிட்டாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் தொகுதியில் அந்தச் சீட்டு உள்ள வண்டிகள் கொஞ்சம்தானாம். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

பெயரைக் கொடுத்தேன். அதோடு சும்மா இருந்தேனா? அந்தக் கோட்டுக்காரன் என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டால்? ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு ஷோரூமுக்குத் தம்பியை இழுத்துக்கொண்டு போய், அவன் பெயரிலும் பதிந்தேன்.

“அக்கா, என் நம்பரையே குடுக்கறேனே?” என்றான்.

“உன் போன் எங்க கெடக்குன்னு உனக்கே தெரியாது. வண்டி வந்துடுச்சுன்னு அவங்க கூப்பிடும்போது நீ எங்கயாவது குறட்ட விட்டுட்டு இருப்ப. என் நம்பரக் குடு.”

“எத்தன வண்டிக்கா வாங்கப் போற?”

“ஒண்ணுதான்டா. ஒருத்தன் கைய விரிச்சா இன்னொருத்தன். பேசாம கையெழுத்தப் போடு.”

அப்படியும் மனசு ஆறவில்லை. இரண்டு பேருமே ஒரே கம்பெனி வண்டியை விற்கிறவர்கள், கூட்டுக் களவாணிகளாக இருந்தால் என்ன செய்வது? மூன்றாவதாக ஒரு ஷோரூமைத் தேடிப் போய் மகள் பெயரைக் கொடுத்தேன். நம்பர் என்னுடையதுதான். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கோட்டுக்காரன் போன் செய்தான். என் கடை வீட்டின் முன்னறையிலேயே இருக்கிறது. மெஷினை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்தேன்.

“மேடம், நீங்க வண்டி வாங்கி விக்கறவங்களா?”

“என்னது?”

“ஒரே நம்பர்ல மூணு பதிவு. முடியாதவங்களுக்குன்னு வர்ற வண்டிய வளைச்சுப் போட்டு, கூட வெச்சு விக்கற ஆளுன்னு கம்பெனில சந்தேகப்படறாங்க.”

ஊரையே சந்தேகப்பட்டவள் நான், என்னையே ஒருத்தன் சந்தேகப்படுகிறான்! கண்டபடி கத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“நான் உங்களுக்காகப் பேசிட்டேன் மேடம். மத்த ரெண்டையும் ரத்து பண்ணிட்டாங்க, நம்ம பதிவு மட்டும் நிக்குது. ஆனா கம்பெனியிலேருந்து ஒருத்தர் உங்க வீட்டுக்கு வந்து பாப்பார். சாருக்கு நெஜமாவே எழுந்து நிக்க முடியாதான்னு பாக்கணுமாம். அந்தத் தகுதி இருந்தாத்தான் இந்தச் சீட்டு.”

“தகுதியா? எங்க வீட்டுக்காரருக்குத் தகுதி இருக்கான்னு பாக்க ஆள் அனுப்புறீங்களா? அனுப்புங்க! தாராளமா வந்து பாக்கட்டும்!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

நல்ல பிள்ளையைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று கூச்சமாக இருந்தது. அதைவிடப் பெரிய கவலை, இவரிடம் எப்படிச் சொல்வது? உங்களால் முடியாது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு ஆள் வருகிறான் என்று எந்த வாயால் சொல்வேன்? “கம்பெனியிலேருந்து ஒருத்தர் சும்மா பேச வர்றார்” என்று மழுப்பினேன். “வரட்டும், வரட்டும்” என்றார்.

அதன் பிறகு பகலெல்லாம் உள்ளறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். முழங்காலிலும் முழங்கையிலும் கன்றிப்போயிருந்தது. கட்டில் விளிம்பு இடிக்கிறது போலிருக்கிறது என்று அதைச் செய்த ஆசாரியைத் திட்டிக்கொண்டே துணி சுற்றி வைத்தேன்.

கம்பெனிக்காரர் வந்தார். அளந்து பேசுகிற ஆள். முன்னறையில் நின்றபடி மெஷின்களைப் பார்த்தார், தொங்குகிற சட்டைகளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகவே பழக்கம். நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை அது.

“ஏம்மா மூணு எடத்துல பதிஞ்சீங்க?”

“யாரையும் நம்ப முடியலைங்க.”

“எங்களுக்கும் அதே கஷ்டம்தான்” என்றார். “முதல் தொகுதிய இன்னிக்கே முடிக்கறோம். பாத்துட்டு இங்கேருந்தே முடிவச் சொல்லிடுவேன். அப்புறம் மாத்த முடியாது.”

“நல்லாப் பாருங்க” என்று உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டேன்.

இவர் தேய்த்த சட்டை போட்டு, படிய வாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். “வாங்க சார்” என்றபடி வலது கையை மேஜையில் ஊன்றினார். என்னங்க என்று நான் வாயெடுப்பதற்குள் எழுந்துவிட்டார். எழுந்து நின்றே விட்டார்! ஊன்றிய கையையும் எடுத்துக் கம்பெனிக்காரரிடம் நீட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவரை அண்ணாந்து பார்த்து எவ்வளவு காலமாயிற்று! என்னைவிட இத்தனை உயரம் என்பதே மறந்துபோயிருந்தது. சந்தோஷத்தில் கண் நிறைந்தது. அந்தக் கண்ணாலேயே கம்பெனிக்காரர் முகத்தையும் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு.

“நல்லா நிக்கறீங்களே சார்” என்றார் அவர், என்னைப் பார்த்துக்கொண்டு.

“நிப்பேன் சார். ஒரு கொறையும் இல்ல.”

“ரொம்ப சந்தோஷம். பாக்க வேண்டியதப் பாத்துட்டேன். உங்க பதிவ ரத்து பண்ணிடறேம்மா” என்று கடைசி வார்த்தைகளை எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஐயா, கொஞ்சம் நில்லுங்கள், இன்னும் ஒரு நிமிடம் இருந்து பாருங்கள் என்று பின்னாலேயே ஓட நினைத்தேன். அதற்குள் இவர் கை என் தோளைப் பற்றியது. முழுக் கனமும் என் மேல் இறங்கியது. அவர் கால் வெடவெடவென்று ஆடுவது எனக்குத் தெரிந்தது. நான் ஓர் அடி விலகினால் போதும், அந்த ஆள் கண்ணெதிரே இவர் தரையில் கிடப்பார். அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். வண்டி கிடைத்துவிடும்.

விலகவில்லை. இடுப்பைச் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“போயிட்டாரா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“செருப்பு மாட்டறார்.”

வெளிக்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை நின்றார். பிறகு அப்படியே நாற்காலியில் சரிந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“தகுதி இருக்கான்னு பாக்க வர்றாங்கன்னு நீ போன்ல கத்தினியே, கேட்டேன். கதவச் சாத்திட்டு தெனமும் எழுந்து எழுந்து விழுந்தேன். வண்டில ஏற லாயக்கில்லாதவன்னு சொல்லிடக் கூடாதுல்ல?” முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். “தேறிட்டேன்தானே?”

“தேறிட்டீங்க” என்றேன்.

“மகளுக்குப் போன் போடு. நானே சொல்றேன்.”

வேறு வழி தெரியாமல் நம்பரைத் தட்டி அவர் காதில் வைத்தேன்.

“அப்பா வர்றேன்டா” என்றார். “யாரும் தூக்க வேணாம். நானே வந்து எறங்கறேன்.”