மூன்றாவது காலி

1

இந்தக் கதை ஒரு சொல்லில் பிறந்தது. இரண்டே எழுத்து. அதை முதலிலேயே சொன்னால் பாதிக் கதை போய்விடும். மறைத்தால் ஏமாற்றியது போலாகும். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டுத் தலைப்பிலேயே போட்டுவிட்டேன்.

மாலை வகுப்பில் கொடுத்த பயிற்சி: "காத்திருக்கும் இடம் ஒன்றைப் பற்றி எழுதுங்கள்." வகுப்பு எடுக்கும் மேடம் எனக்கு மட்டும் தனியாக ஒன்று சொன்னார்.

"உங்க டைரியில பக்கத்துக்கு நாப்பது 'நான்' இருக்கு. இந்தத் தடவை 'அவள்'னு எழுதிப் பாருங்க. கொஞ்சம் தள்ளி நின்னாத்தான் முகம் தெரியும்."

ஆகவே, அவள்.

முதல் தொடக்கம்: "மின்சாரக் கார்கள் பெருகிவரும் இக்காலத்தில் சார்ஜ் போடும் நிலையங்களின் தேவை" — வேண்டாம். பரீட்சைக் கட்டுரை வாடை அடிக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்று சார்ஜர்களில் இரண்டு" — அவள் அன்று அங்கே இல்லை. வெயில் அவளுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் தொடக்கம்: "அவளுக்கு கார் ஓட்டத் தெரியாது."

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

2

அவளுக்கு கார் ஓட்டத் தெரியாது. ஆனால் எந்த சார்ஜிங் நிலையம் நல்லது, எது மோசம் என்று கார் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. செயலி நடத்தும் நிறுவனம் ஒன்றில், நான்காம் மாடியில், அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஜன்னலோரம் அவள் நாற்காலி. ஓட்டுநர்கள் எழுதி அனுப்பும் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்ள பக்கத்தைத் திருத்துவாள். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்பதையும் அவள்தான் முடிவு செய்வாள்.

"நீச்சல் தெரியாதவ குளத்துக்கு ஆழம் சொல்ற கதை" என்பாள் அக்கா. (அக்காவுக்கு இந்தக் கதையில் இந்த ஒரு வசனம்தான். இதற்கே பெருமைப்படுவாள்.)

ஆழம் தெரியாவிட்டால் என்ன, அவளிடம் ஒரு முறை இருந்தது. பதினான்கு கேள்விகள். நிழல் உண்டா? கேபிள் காரின் இரண்டு பக்கமும் எட்டும் நீளம் உண்டா? உட்கார இடம் உண்டா? கழிவறை உண்டா, அதன் சாவி இன்னாரிடம் என்ற தகவல் உண்டா? சார்ஜ் ஏறி முடிந்தும் காரை எடுக்காமல் போகிறவர்களைத் தட்டிக் கேட்க ஆள் உண்டா? இப்படியே பதினான்கு. அதற்கும் மேலே ஒரு விதி: ஒருவர் சொன்னதை நம்பக்கூடாது. இரண்டு பேர் சொன்னால்தான் பக்கத்தில் ஏற்றவேண்டும். அலுவலகம் போட்ட விதி அல்ல அது. நானே போட்டுக்கொண்டது.

[அவளே போட்டுக்கொண்டது. கை வழுக்கிவிட்டது.]

ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று சார்ஜர்கள் உள்ள ஒரு நெடுஞ்சாலை நிலையத்தைப் பற்றிக் குறிப்பு வந்தது.

"மூணாவது காலி. ரெண்டு மாசமா இப்படித்தான்."

விதிப்படி அவள் காத்திருந்தாள். மத்தியானம் வேறொருவர் எழுதினார்.

"நானும் பாத்தேன். மூணாவது காலியேதான்."

இரண்டு சாட்சி. அவள் பக்கத்தைத் திருத்தினாள்: "இங்குள்ள மூன்றாவது சார்ஜர் எப்போதும் காலியாக இருக்கும். காத்திருக்க வேண்டியதில்லை. நம்பி வரலாம்." மூன்றரையாக இருந்த நட்சத்திரம் நாலரை ஆனது.

அன்றைய டைரி: "41 பக்கங்கள் திருத்தம். தவறு: இல்லை."

(அடிக்குறிப்பு: "நம்பி வரலாம்" என்று எழுதும்படி யாரும் கேட்கவில்லை. அது இல்லாமல் வாக்கியம் மொட்டையாக நின்றதால் சேர்த்தாள். வகுப்பில் சேர்ந்த புதிது. வாக்கியங்கள் மேல் ஆசை.)

3

வகுப்பு நடப்பது ஒரு தொடக்கப்பள்ளியில். பிள்ளைகள் போனபிறகு அவர்களுடைய குட்டி பெஞ்சுகளில் பெரியவர்கள் மடங்கி உட்காரவேண்டும். அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் டாக்சி அண்ணன். ஐம்பது வயது, ஆறடி. மின்சார டாக்சி ஓட்டுகிறார். அவருடைய கால்முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் பெஞ்சும் ஆடும். அவள் எழுத்தும் ஆடும்.

"என்ன தங்கச்சி, இன்னைக்கும் ஸ்கேல் வச்சு மார்ஜின் போட்டுட்டுத்தான் அழுவியா?" என்பார்.

"நீங்க மார்ஜின்லயே எழுதுறீங்களேண்ணே."

"அது ஓவர்டேக்குமா."

போன வாரத்துக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, அவர் வாசிக்கும் முறை. பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். இரண்டு வரி படித்துவிட்டு, "என் எழுத்து எனக்கே புரியல மேடம், வாயாலயே சொல்லிடறேன்" என்று தாளைக் கீழே வைத்தார்.

"எங்கம்மாவுக்குத் தொண்டையில கட்டி. குரல்வளையையே எடுத்தாகணும்னுட்டார் டாக்டர். உயிருக்கு பயமில்ல, ஆனா அப்புறம் பேச்சு கிடையாது. மூணு மணிக்கு ஆபரேஷன். காலையில அம்மா போன் போட்டு, 'உள்ள போறதுக்கு முன்னாடி வந்துடுடா, ஒண்ணு சொல்லணும்'னாங்க. போன்லயே சொல்லும்மான்னேன். நேர்ல வாடான்னு வச்சிட்டாங்க.

"நானும் கிளம்பிட்டேன். வழியில ஒரு சார்ஜிங் வந்துச்சு. இருபத்திரண்டு பர்சன்ட் இருக்கு. ரெண்டு சார்ஜர் சும்மாவே நிக்குது. ஆனா மெதுவா ஏறுற வகை. ஆப்பைப் பாத்தா, அடுத்ததுக்கு நாலரை ஸ்டார். 'மூன்றாவது எப்போதும் காலியாக இருக்கும், நம்பி வரலாம்'னு எந்தப் புண்ணியவானோ எழுதி வச்சிருந்தான்."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருக்கும்போதுதான் அந்த வாக்கியம் அவளிடம் வந்து சேர்ந்தது.

[இங்கே "தூக்கிவாரிப் போட்டது" என்று எழுதினேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கையிலிருந்த பேனா மூடியைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். அவ்வளவுதான்.]

"நாலு பர்சன்ட்ல போய்ச் சேந்தேன். மூணாவது காலிதான். ஸ்கிரீன் செத்து, தூசி படிஞ்சு, ஒரேயடியா காலி. ஒண்ணாவதுல அப்பத்தான் ஒருத்தர் மாட்டியிருந்தார், பாவம், அவரும் என்னை மாதிரி. ரெண்டாவதுல நின்ன காருக்கு நூறு ஏறி முடிஞ்சிருக்கு. மகராசன் பூட்டிட்டு எங்கயோ சாப்பிடப் போயிட்டான். கார்ல மாட்டியிருக்கிற அந்த சார்ஜர் கன்னை சார்ஜிங் கம்பெனி ஆபீஸ்லேருந்தே விடுவிக்கலாம். போன் பண்ணேன். 'நீங்கள் வரிசையில் ஏழாவது'ன்னுச்சு.

"அஞ்சாவதுக்கு வந்தப்ப அம்மா கூப்பிட்டாங்க. எடுத்தா வரிசை போயிடும். எடுக்கல. மூணாவதுக்கு வந்தப்ப மறுபடி அம்மா. எடுக்கல. ரெண்டாவதுக்கு வந்தப்ப மறுபடி." விரலை மடக்கினார். "அப்புறம் கூப்பிடல. நான் ஆஸ்பத்திரியில நுழைஞ்சப்ப மணி நாலு இருபது."

மேடம்தான் மெதுவாகக் கேட்டார். "அம்மா இப்ப எழுதிக் காட்டலாமே?"

"ஸ்லேட்டு வாங்கிக் குடுத்தேன் மேடம். காய்கறிக் கணக்குலேருந்து என்னைத் திட்டுறது வரைக்கும் எல்லாம் ஸ்லேட்டுலதான். அன்னைக்கு என்னம்மா சொல்ல வந்தேன்னு கேட்டேன். 'அது எழுதுற விஷயமில்லடா'ன்னு எழுதிட்டாங்க."

உட்கார்ந்தார். பெஞ்ச் ஆடியது.

"என்ன தங்கச்சி, மூஞ்சி வெளுத்துடுச்சு? கதை அவ்வளவு மோசமா?"

"இல்லண்ணே. நல்லா இருந்துச்சு."

அவள் சொன்னது அது. நல்லா இருந்துச்சு. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாள்.

4

இந்த இடத்தில் எழுதுகிறவளுக்கு ஒரு சபலம் வந்தது. அந்த அம்மாவைக் கதையில் சாகடித்துவிட்டால்? துக்கம் பெரிதாகும், படிக்கிறவர்கள் கலங்குவார்கள். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது: அந்த அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்து ஸ்லேட்டில் வெங்காயம் என்று எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு வாக்கியம் நன்றாக நிற்கவேண்டும் என்பதற்காக நான் ஏற்கெனவே செய்தது போதாதா?

இன்னொரு சபலம்: தப்பை இயந்திரத்தின் தலையில் கட்டுவது. மறுநாள் அலுவலகத்தில் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தாள். செவ்வாய், மதியம் 2.12. அவளுடைய எண். டாக்சி அண்ணனுடைய பயணம் அதே வாரம் வெள்ளி. "காலியாக இருக்கும்" என்பதை அழித்து "பழுது" என்று மாற்றினாள். பதினோரு விநாடி ஆனது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அந்த இடத்துக்குப் போனாள். இரண்டு மணி நேரம். தான் நட்சத்திரம் போட்ட ஓர் இடத்தை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை. பதினான்கு கேள்வித் தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்தாள். நிழல் உண்டு. இருக்கை உண்டு. கழிவறைச் சாவி டயர் கடையில். பதின்மூன்று உண்டு, ஒன்று இல்லை. நாலரை நட்சத்திரம் சரிதான் என்று அவளுடைய முறை அடித்துச் சொன்னது. கண்ணெதிரே மூன்றாவது சார்ஜரின் திரை உடைந்து கிடந்தது. கன் மேல் சிமெண்டுச் சாக்கு. துளைகளுக்குள் எறும்பு மண் வைத்திருந்தது. யாரோ நல்ல மனசுக்காரர் மற்றவர்களை எச்சரிப்பதற்காக ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்:

காலி

அவள் அதைப் பார்த்து நிற்கும்போதே ஒரு கார் வந்தது. முன்னால் கணவன் மனைவி. ஓட்டியவர் வரிசையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், முகம் மலர்ந்து மூன்றாவதுக்கு வண்டியைத் திருப்பினார். பின்னால் வந்த கார் அவர் விட்ட இடத்தை வரிசையில் பிடித்துக்கொண்டது.

"சார்! சார், அது காலி சார்!"

"தெரியுதும்மா. அதான் போட்டிருக்கே."

"இல்ல சார், காலின்னா அந்தக் காலி இல்ல. காலி!"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"என்னங்க சொல்லுது இந்தப் பொண்ணு?"

"காலின்னா காலி இல்லையாம்."

"செத்துப்போச்சு சார்! மிஷின் செத்துப்போச்சு!"

"அடடா, அதை முதல்லயே தமிழ்ல சொல்றதுக்கென்ன!" என்று ரிவர்ஸ் எடுத்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, "நீங்க இங்கதான் வேலையா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

[ஆமாம், என்றேன். இனி "அவள்" வேண்டாம். மேடம் மன்னிக்கவேண்டும். தள்ளி நின்று பார்த்தாயிற்று. முகம் தெரிந்துவிட்டது.]

அட்டையில் "காலி"க்குக் கீழே "ஓடாது" என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் கையிலிருந்த தாளைத் திரும்பப் பார்த்தேன். பதினான்கு கேள்வியும் "உண்டா, உண்டா" என்றே முடிந்தன. நிழல் உண்டா, நாற்காலி உண்டா, சாவி உண்டா. "ஓடுமா" என்று ஒன்றுகூட இல்லை. மூன்று வருடமாக ஒரு நிலையத்தை நல்லது, மோசம் என்று நான் பிரித்ததெல்லாம் கல்யாண வீட்டில் பந்தல், நாற்காலி, மேளம் எல்லாம் எண்ணிவிட்டு மாப்பிள்ளை வந்தாரா என்று கேட்காத கதை. அந்த டயர் கடைக்காரர் நாலு பர்சன்டில் வருகிற ஒருவரிடம், "அது ஓடாது சார், அந்தப் பக்கம் போங்க" என்று சொல்கிறவராக இருந்தால் போதும், நிழல்கூட வேண்டாம், அது நல்ல இடம். அன்று அந்த இடத்தில் பேசியது ஒரே ஒரு ஆள். நான்காம் மாடியிலிருந்து, நான்.

5

முடிவுகள். வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. பெயர் போடாத கடிதம் ஒன்றை அவர் பையில் வைத்துவிடுவது. பெயர் போடாத வாக்கியம் ஒன்றை அவருக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறேன். போதும்.

முடிவு ஆ. சும்மா இருந்துவிடுவது. பக்கத்தைத் திருத்தியாயிற்று, கேள்வி பதினைந்தையும் சேர்த்தாயிற்று. அவர் மார்ஜினைக் கேலி செய்ய, நான் பதிலுக்குச் சொல்ல, இருவரும் சிரிக்க — இரண்டு வாரமாக நடப்பது இந்த முடிவுதான். ஒவ்வொரு தடவையும் "தங்கச்சி" என்கிறார். ஒவ்வொரு தடவையும் பேனா மூடியைத் திறந்து மூடுகிறேன்.

முடிவு இ. நான் சொல்கிறேன். அவர், "விடு தங்கச்சி, நீ வேணும்னேவா செஞ்ச?" என்று என் தலையில் தட்டுகிறார். இதை பஸ்ஸில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எழுதும்போது நன்றாக அழுதேன். இறங்கும்போது கிழித்துப் போட்டேன். மன்னிப்பது அவர் வசனம். அதை நான் எழுதிக்கொள்ளக்கூடாது.

முடிவு ஈ. இந்தக் கதையையே வகுப்பில்

6

இன்று வியாழக்கிழமை. வாசிப்பது என் முறை. அண்ணே, நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இரண்டாம் பகுதியில் "நம்பி வரலாம்" என்று நான் வாசித்தபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் முட்டி ஆடுவது நின்றிருக்கும். (இதை முன்கூட்டியே எழுதுகிறேன். பெஞ்ச் இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் இந்த வரியை வாசிக்காமல் தாண்டுவேன்.)

உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. சிலது எழுதுகிற விஷயமில்லை. ஆறு பகுதி எழுதிப் பார்த்தும் சொல்லவேண்டியது எதிலும் வரவில்லை, அதைச் சுற்றி அடைப்புக்குறிகள்தான் வந்தன. ஆகவே இந்தப் பத்தி முடிந்ததும் தாளை மடித்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பப்போகிறேன். அதற்குப் பிறகு நடப்பது தாளில் இருக்காது. இதை வேறெங்கோ உட்கார்ந்து படிக்கிறவர்கள் மன்னிக்கவேண்டும். எனக்கே தெரியாத முடிவை அவர்களுக்கு நான் நட்சத்திரம் போட்டுத் தரமாட்டேன்.

இதற்குக் கீழே பக்கம் காலி. எந்தக் காலி என்பதை, அண்ணே, நீங்கள்தான் சொல்லவேண்டும்.