ஒழுகினால் பிளம்பர்

கட்டடத்தில் எங்கே ஈரம் தெரிந்தாலும் மெயின் கான்ட்ராக்டருக்கு என் நினைப்புதான் வரும். குழாய் வேலையைச் சப்-கான்ட்ராக்டில் எடுத்தவள் நான். அன்று வீட்டுக்காரம்மா பார்க்க வந்த நேரம், ஹால் சீலிங் சொட்டியது. கான்ட்ராக்டர் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு மாடிக் குளியலறைக்கு ஓடினார்.

"உங்க பைப்புதாம்மா! டைல்ஸை உடைக்கப் போறேன்."

"கை வெச்சுப் பாருங்க!" என்று குறுக்கே நின்றேன். பிரஷர் பம்பைப் போட்டுக் குழாயில் தண்ணீரை ஏற்றினேன். அழுத்தம் காட்டும் கேஜின் முள் இம்மியும் இறங்கவில்லை; என் குழாயில் கசிவே இல்லை. கீழே மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது.

எல்லோரையும் ஹாலுக்கு இழுத்து வந்தேன். "ஏசியை அணைங்க."

ஏசி வேலை கான்ட்ராக்டரின் மச்சானுடையது. மனைவியின் தம்பி என்பதால் அவன் வேலையை யாரும் சோதிப்பதில்லை. ஏசியை அணைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சொட்டும் நின்றது. ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயை மாட்டாமலே சீலிங்கை மூடியிருக்கிறான்!

வீட்டுக்காரம்மா கைதட்டியே விட்டார். கூட்டத்தோடு நின்ற மச்சான் தரையைப் பார்த்தான். கான்ட்ராக்டர் சீலிங்கைப் பார்த்தார். நான் அவரிடமிருந்து சுத்தியலை வாங்கி மச்சான் கையில் வைத்தேன்.

"பாவம், உங்க மாமா இதைத் தூக்கிக்கிட்டு ஓடியே களைச்சுப் போயிட்டார். நீங்களே உடைங்க, தம்பி."