எண்ணெய் குடித்த வாஷர்

பைப்புக்காரர் ஒழுகும் வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பெரிய ரென்ச்சால் நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். தையல் மிஷின் மெக்கானிக் டார்ச்சைப் பிடித்தபடி பக்கத்தில் குந்தியிருந்தான். ஊரிலுள்ள மிஷின்களின் வயிற்றுக்குள்ளெல்லாம் கையை விட்டவன், தன் வீட்டு வாஷ்பேசினுக்கு இன்னொருவரைக் கூப்பிட்டதில் அவனுக்குக் கொஞ்சம் மானக்கேடுதான்.

"கையில தொழில் வச்சிருக்கறவங்க வீடுதான் அண்ணே எனக்குச் சோறு போடுது," என்றார் பைப்புக்காரர். "அவங்களே ஒரு தடவை சரி பண்ணிப் பாத்திருப்பாங்க. அப்புறம் எனக்கு ரெண்டு மடங்கு வேலை."

மெக்கானிக் சிரித்துவைத்தான்.

அடுத்த அறையில் அம்மா படுத்திருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் இதே குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தரை சோப்பு போட்டாற்போல வழவழவென்று இருந்தது என்று அம்மா சொன்னாள். அவ்வளவுதான், துணி துவைத்துவிட்டுத் தரையை அப்படியே விட்டது மருமகள்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. அன்றைக்குத் துணியே துவைக்கவில்லை என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. அவனும்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் பார்க்க, "ஒரு தரையைத் துடைக்கத் துப்பில்லையா உனக்கு?" என்று கத்தினான். அதற்குப் பிறகு அவள் அவனோடு தேவைக்கு மட்டுமே பேசினாள். அம்மாவோ அவள் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. இன்று அம்மாவைத் தன் வீட்டோடு அழைத்துப்போக அக்கா வண்டியும் கையுமாக வந்திருந்தாள்.

நட்டு கழன்றது. பைப்புக்காரர் ரப்பர் வாஷரை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். அதை ரப்பர் என்றே சொல்ல முடியாது. ஊறி, உப்பி, தொட்ட விரலில் கறுப்பாக ஒட்டியது. விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"யாரு இதுக்கு எண்ணெய் விட்டது?"

மெக்கானிக் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

"மிஷின் எண்ணெய் அண்ணே இது. ரப்பருக்கு எமன். கொஞ்ச நாள்ல கூழாயிடும். ஒழுகறதை நிறுத்த எந்தப் புண்ணியவானாவது எண்ணெய் விடுவானா?" பேசின் நிற்கும் பீங்கான் காலின் பின்பக்கத்தைத் தடவிக் காட்டினார். "இப்படியே வழிஞ்சு தரைக்கு இறங்கிருக்கு பாருங்க. கண்ணுக்குத் தெரியாது. கால் வச்சாத்தான் தெரியும்."

மெக்கானிக் டார்ச்சைத் தரைப்பக்கம் திருப்பினான்.

அவன்தான் விட்டான். எது முரண்டு பிடித்தாலும் அவன் கை முதலில் எண்ணெய்க் குப்பிக்குத்தான் போகும். இருபது வருஷத்துப் பழக்கம். புது வாஷர் மாட்டியபோது நட்டு சுலபமாக ஏறட்டும் என்று தடவினான். மறுபடி சொட்டியபோது இன்னும் கொஞ்சம். அம்மா விழுந்ததற்கு முந்தின சாயங்காலம், குப்பியின் மூக்கை நட்டின் இடுக்கில் வைத்துத் தாராளமாகவே அழுத்தினான். மூச்சு விடுவதை யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா? அப்படித்தான் அவனுக்கு அது மறந்தே போயிருந்தது.

"என்னடா, என்ன கோளாறாம்?" அடுத்த அறையிலிருந்து அக்கா கேட்டாள்.

பைப்புக்காரர் அவனைப் பார்த்தார்.

"வாஷர் பழசாயிடுச்சாம்க்கா."

பைப்புக்காரர் பிசுக்கை ஒரு பொட்டு விடாமல் துடைத்தெடுத்தார். புது ரப்பரைப் பீங்கானோடு ஒட்டி வைத்து, அதன் கீழ் பிளாஸ்டிக் வளையம், அதன் கீழ் நட்டு. கையால் முடிந்தவரை, பிறகு ரென்ச்சால் அரைச் சுற்று. பேசினை நிரப்பித் திறந்துவிட்டு, அடியில் காய்ந்த காகிதத்தை ஒற்றிப் பார்த்தார். ஒரு புள்ளி ஈரமில்லை. கிளம்பும்போது, "எண்ணெய் வேண்டாம் அண்ணே," என்றார், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

பழைய வாஷரைக் காகிதத்தில் பொதிந்து தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். மாடிப்படியில் பாதி ஏறியதும் கால் நின்றுவிட்டது. கீழே வண்டியின் கதவு திறந்தே இருந்தது. வண்டி போய்விட்டால், அந்தப் பழி அவன் பெண்டாட்டியின் தலையில் எலும்போடு எலும்பாகக் கூடிவிடும். மீதிப் படிகளை ஓடியே ஏறினான்.

"அம்மா, தரையில இருந்தது சோப்பு இல்லம்மா. எண்ணெய். நான் விட்ட எண்ணெய்."

தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "அரை மணிக்கு முன்னாடி வாஷர் பழசுன்னே. அதுக்குள்ள யாருடா உனக்கு ஓதுனது?"

"அது பொய்க்கா."

"எது? அப்பச் சொன்னதா, இப்பச் சொல்றதா?"

"பைப்புக்காரரைக் கேளு. வாஷரைக்கூட எடுத்துட்டு வரேன், குப்பையிலதான் கிடக்கு."

"அழுகின ரப்பரைப் பாத்து நான் என்னத்தைக் கண்டேன்? அந்தாளுக்கும் சொல்லிக்குடுத்துத்தானே கூட்டிட்டு வருவே?"

அம்மா அவன் கையை எடுத்துத் தன் மார்மேல் வைத்துத் தடவினாள். "பொண்டாட்டியை விட்டுக்குடுக்க மாட்டேங்கறே. நல்லதுடா. அப்படித்தான் இருக்கணும்." ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் அவனுக்கு மூச்சு வந்திருக்கும்.

அறை வாசலில் அவன் பெண்டாட்டி நின்றிருந்தாள், அம்மாவின் மடித்த துணிகளோடு.

"நீயாவது சொல்லேன்," என்று அவளிடம் போய்க் கெஞ்சினான். "பைப்புக்காரர் சொன்னது உனக்குக் கேட்டிருக்கும்ல?"

"கேட்டுச்சு," என்றாள் மெல்ல. "அக்கா கேட்டப்ப நீங்க என்ன சொல்லுவீங்கன்னு இங்கதான் நின்னுட்டிருந்தேன். அதுவும் கேட்டுச்சு."

"இப்பச் சொல்லு."

"மூணு வாரமா சொன்னேங்க."

துணிகளைப் பெட்டியில் அடுக்கிப் பூட்டினாள்.

அம்மாவை நாற்காலியோடு தூக்கினார்கள். அவன் முன்கால்களைப் பிடித்தான், வண்டி ஓட்டுநர் முதுகுப்பக்கம். வாசலைத் தாண்டும்போது அம்மா நிறுத்தச் சொல்லி, மூன்று வாரத்தில் முதல்முறையாக மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லம்மா. இனிமேலாவது தரையைத் துடைச்சு வை."

நாற்காலியின் கனம் அவன் தோளை இழுத்தது.

"சரிங்க அத்தை," என்றாள் அவள், அவன் பக்கம் திரும்பாமலே.