அறையின் சத்தம்

கோடைப் பயிற்சிக்கு வானொலிச் செய்திப் பிரிவில் சேர்ந்த முதல் நாளே, ஆலைத் தீயில் தம்பியைப் பறிகொடுத்தவரைப் பேட்டியெடுக்க அவளை அனுப்பினார்கள். ஆலைக் கதவை வெளியிலிருந்து பூட்டியிருந்ததை அவர் கண் கலங்காமல், ஒன்றுவிடாமல் சொன்னார். “இதை ஊருக்குச் சொல்லணும்மா. அவ்வளவுதான்.”

“சரிண்ணா. இப்ப அரை நிமிஷம் யாரும் பேசாதீங்க. பேச்சை வெட்டி ஒட்டுறப்ப இடைவெளி தெரியாம இருக்க, யாரும் பேசாத அறையோட சத்தம் மட்டும் வேணும். இது ரேடியோவுல வராது.”

மூன்று நாளாகப் பேசிப் பேசியே அழுகையை அடக்கியிருந்த மனிதர், அந்த அமைதியில் உடைந்து கதறிவிட்டார்.

நிலையத்தில் பதிவு முழுவதையும் கேட்ட செய்தி ஆசிரியர் ஹெட்போனைக் கழற்றினார். “கதவு கதையெல்லாம் வேணாம், ஆலைக்காரன் கேஸ் போடுவான். இந்த அழுகைய வெட்டிக் குடு.”

“வராதுன்னு வாக்குக் குடுத்துட்டேன் சார்.”

“வந்து அரை நாள் ஆகல, அதுக்குள்ள வாக்கு குடுக்குறாங்களாம் மகாராணி! முடியலேன்னா நாளைக்கு வராதே.”

அவள் தன் கையாலேயே வெட்டிக் கொடுத்தாள்.

ஆறு மணிச் செய்தி முடிந்ததும் தம்பியைப் பறிகொடுத்தவரிடமிருந்து போன் வந்தது. திட்டப்போகிறார் என்று பயந்தபடி எடுத்தாள்.

“நான் அழுதது வந்துச்சும்மா. கதவைப் பத்திச் சொன்னது எப்ப வரும்?”