சம்பந்தி தைத்த கூரை

சம்பந்தியின் அளவு நாடாவை நான் அளந்து பார்த்தேன். அவர் டீ குடிக்க வீட்டுக்குள் போயிருந்த நேரம், என்னுடைய இரும்பு டேப்பை அவருடைய துணி நாடாவுக்குப் பக்கத்தில் நீட்டிவைத்து, கோட்டுக்குக் கோடு ஒத்துப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. அதற்காக நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை. நாடா சரியாக இருந்தால் கை தப்பாக இருக்கலாம்.

"என்ன சம்பந்தி, நாடாவுக்குக் காய்ச்சலா?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"துணி நாடா இழுத்தா நீளும்."

"உங்க நாக்கு மாதிரியா?"

என் மகளின் மாமனார் அவர். தையல்காரர். பேன்ட், கோட்டில் ஆரம்பித்து, கண்ணாடி போட்ட பிறகு சோபா உறை, சீட் உறை என்று போனவர். அவர் மேல் எனக்கு நம்பிக்கை போனது எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்தன்று. எனக்கு ஒரு பேன்ட் தைத்துக் கொடுத்திருந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்தேன். டர்ரென்று ஒரு சத்தம். மிச்சக் கல்யாணம் முழுக்க நான் எழுந்திருக்கவே இல்லை. பெண்ணைப் பெற்றவன் இப்படிச் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறானே, மனசில் என்ன வருத்தமோ என்று வந்தவர்கள் எல்லாம் பேசிக்கொண்டார்கள். பிறகு அவரைப் பிடித்துக் கேட்டதற்கு, "அளவு எடுத்தப்போ நீங்க வயித்தை உள்ள இழுத்துக்கிட்டீங்க. நான் அளவு எடுத்த உடம்பு வேற, உட்கார்ந்த உடம்பு வேற" என்றார். தையல் விட்டதற்கு என் வயிற்றைக் குற்றம் சொன்ன மனிதர்.

அப்படிப்பட்டவரை என் வண்டிக்குப் பக்கத்தில் விட்டது என் மனைவி.

வண்டி என்றால், மேலே தகரம் இல்லாத வண்டி. துணிக் கூரை. வேண்டுமானால் மூடிக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் பின்னால் மடித்துப் போட்டுவிடலாம். இரண்டு கதவு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் பேருக்கு ஒரு சீட். ஒரு மாட்டு டாக்டர் வைத்திருந்தார். அவர் போன பிறகு அவர் வீட்டுக் கொல்லையில் புல் மூடிக் கிடந்தது. "எடுத்துட்டுப் போங்க, இடத்தை அடைக்குது" என்றார் டாக்டர் வீட்டம்மா. சும்மா யார் கொடுப்பார்கள்? அப்புறம் மனசு மாறமாட்டீர்களே என்று மூன்று தரம் போய்க் கேட்டேன். மூன்றாவது தரம் அந்தம்மா நாயை அவிழ்க்கக் குனிந்தார். அதற்குப் பிறகுதான் இழுத்து வந்து வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிறுத்தினேன்.

அந்த வண்டி மேல் முதலில் கண் வைத்தவள் என் மனைவிதான். அவள் பஸ் கண்டக்டர். யாருடைய முழங்கையோ விலாவில் குத்த, சில்லறை கேட்டுத் தொண்டை கட்டிப்போய் நிற்கும்போது, டாக்டர் கூரையை மடித்துப் போட்டுவிட்டுத் தலைமயிர் பறக்க ஓட்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பாளாம். வண்டி வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"என் கடைசி நாள் டியூட்டி முடிஞ்சு இதுலதான் வீட்டுக்கு வருவேன். டாப்பைத் திறந்து விட்டுட்டு. முப்பது வருஷமா தகரத்துக்குக் கீழேயே நின்னாச்சு. ஒரு நாளாவது தலைக்கு மேல ஒண்ணும் இல்லாம போகணும்."

"அதுக்குள்ள ரெடி ஆகலேன்னா?"

"ஆகலேன்னா என்ன, அதே பஸ்ல டிக்கெட் எடுத்துட்டு வந்து இறங்கறேன். அந்த டிக்கெட்டை உங்க கையில குடுக்கறேன். பத்திரமா வச்சுக்குங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் டிக்கெட் விஷயத்தில் அவள் விளையாடுகிறவள் இல்லை. கட்டிய புருஷனிடமே டிக்கெட் கேட்டு, இல்லையென்றதும் விசில் ஊதி இறக்கிவிட்டவள்.

இப்படித்தான், டாப் தைக்க அவளே கூப்பிட்டு, சம்பந்தி நாடாவோடு வந்தார். வண்டியை முன்னும் பின்னும் குறுக்கும் அளந்தார். சாக்பீஸால் சின்னச் சின்னக் கோடு போட்டார். வண்டியின் தரை சல்லடையாகிக் கிடந்தது. கதவுகளுக்குக் கீழே முன்னுக்கும் பின்னுக்குமாக ஓடும் பெட்டித் தகட்டைக் கையால் பிய்த்தாலே வந்தது. அதையெல்லாம் வெட்டிப் புதுசு போடப் போகிறேன் என்று சொன்னேன்.

"வெட்டறதுக்கு முன்னாடி கதவு இருக்கிற இடத்துல குறுக்கே ஒரு கம்பி வச்சுப் பத்த வச்சுக்குங்களேன் சம்பந்தி" என்றார். "நாங்க ஒரு கோட்டைப் பிரிக்கறதுன்னா, முதல்ல தளர்வா ஒரு தையல் போட்டுப் பிடிச்சுக்குவோம். இல்லேன்னா துணி அது இஷ்டத்துக்குப் போயிடும்."

"இது துணி இல்ல. இரும்பு. எங்கயும் போகாது."

ஆயுசு முழுக்க லாரிக்குப் பாடி கட்டியவன் நான். லாரிக்குக் கீழே சேசிஸ் என்று இரண்டு இரும்புத் தூண்கள் படுத்துக் கிடக்கும். மேலே இருப்பதை மொத்தமாகப் பிடுங்கி எறிந்தாலும் லாரி அசையாது. தரையை வெட்டுவது எங்களுக்கு நகம் வெட்டுகிற மாதிரி. ஊசி பிடிக்கிறவர் வந்து வெல்டிங் பிடிக்கிறவனுக்குச் சொல்லித் தருவதா?

வசதிக்காகக் கதவு இரண்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டை, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டை என்று இரண்டு ஓரத்திலும் முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். வெட்டினேன். புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். எறும்பு வரிசை மாதிரி அப்படி ஒரு வெல்டிங். நானே அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவியின் கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சம்பந்தி டாப்பைத் தைத்து எடுத்து வந்தார். கறுப்புக் கான்வாஸ். குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். மடக்குக் கம்பிகளின் மேல் விரித்து, பின்னால் பொருத்தி, முன் கண்ணாடிச் சட்டத்தில் கொக்கியை மாட்டினார்.

முறுக்காக நிற்க வேண்டிய துணி, ஈரப் போர்வை மாதிரித் தொங்கியது. நடுவில் ஒரு பூனை குட்டி போடலாம்.

"சம்பந்தி, நான் டாப்புதானே கேட்டேன்? தொட்டில் கட்டிக் கொண்டாந்திருக்கீங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. நாடாவை எடுத்தார், அளந்தார், மறுபடி அளந்தார். "நான் எடுத்த அளவு இது இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"நாடாவை அன்னிக்கே சோதிச்சீங்களே! சரியா இருந்துதா இல்லியா?"

இருந்தது. இல்லையென்று சொல்ல வழியில்லாமல் நானே அடைத்து வைத்திருந்தேன். "நாடா சரி. கை?"

"கையும் சரிதான். நான் அளவு எடுத்த உடம்பு வேற, இப்ப நிக்கிற உடம்பு வேற."

"பேன்ட் கதையை இங்க கொண்டாராதீங்க!"

"கிழிஞ்சது உங்க வயித்தாலதான்னு இன்னைக்கும் சொல்லுவேன்!"

அந்த நேரம் பார்த்து என் மனைவி டியூட்டி முடிந்து, தோல் பையும் காக்கிச் சட்டையுமாகக் கொட்டகைக்குள் வந்தாள். சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் பயணிகளைப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க. அந்தக் கதவை எடுத்து மாட்டுங்க."

"கதவுக்கும் டாப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"கதவை நீங்களும் தைக்கல, அண்ணனும் தைக்கல. அது யார் பக்கமும் பேசாது. மாட்டுங்க."

நானும் சம்பந்தியும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மாட்டினோம். கதவு கீழே நுழைந்தது, மேலே முட்டியது. தோளால் இடித்தேன். மூடவில்லை. அந்தப் பக்கத்துக் கதவையும் மாட்டினேன். அதுவும் அதே இடத்தில் முட்டியது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். லாரிக்குச் சேசிஸ் உண்டு. இதற்குச் சேசிஸும் கிடையாது, தாங்கிப் பிடிக்க மேலே தகரமும் கிடையாது. துரு என்று நான் வெட்டி எறிந்த அந்தத் தரைதான் இதற்கு முதுகெலும்பு. வெட்டியதும் நடுவில் தொய்ந்துபோய், முன்பாதியும் பின்பாதியும் மேலே ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருக்கின்றன. சாய்ந்ததை அப்படியே வைத்து எறும்பு வரிசை போட்டிருக்கிறேன்.

சம்பந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். அப்புறம் முடியவில்லை அவரால்.

"வண்டியும் வயித்தை உள்ள இழுத்துக்கிச்சு சம்பந்தி!"

ஒரு ஸ்பானரை எடுத்து எறியலாம் என்று கை போனது. ஆனால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது, வந்துவிட்டது. அவர் பம்பரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நான் தரையில் கிடந்து சிரித்தேன்.

என் மனைவி சிரிக்கவில்லை. காலை ஒரு கட்டையின் மேல் தூக்கி வைத்து, வீங்கிய கணுக்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் டிக்கெட் எடுத்துக்கணுமா?"

"சில்லறை எடுத்து வைக்காதே" என்றேன்.

மறுநாள் காலை சம்பந்தி பழைய சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் கிரைண்டரை எடுத்து என் எறும்பு வரிசையை நானே அறுத்தேன். பல் பிடுங்குகிற மாதிரிதான் இருந்தது. நடுவில் பலகை வைத்து, அதற்குக் கீழே ஜாக்கி கொடுத்தாயிற்று. இனி எவ்வளவு தூக்குவது? ஒத்துப் பார்க்கப் பழைய தரை இல்லை. கதவுக் கீலோ ஆட்டம் கண்டது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வண்டியின் நிஜமான உடம்பு இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் மிச்சம் இருந்தது. சம்பந்தியின் துணியில்.

சொல்ல வாய் வரவில்லை. "அந்தத் தொட்டிலை எடுத்து மாட்டுங்க" என்றேன்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. டாப்பை மாட்டி, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். நான் படுத்துக்கொண்டு ஜாக்கியை அமுக்கினேன்.

"இன்னும்... இன்னும்... கொஞ்சம் மெதுவா... வருது, வருது... போதும்!"

நான் இன்னும் அரை அமுக்கு அமுக்கினேன். பழக்கதோஷம்.

"போதும்னேன்ல! தையல் கத்துது!"

அரை அமுக்கு இறக்கினேன். அவர் விரலால் துணியைச் சுண்டினார். டும் என்றது, மேளம் மாதிரி. எழுந்து பார்த்தேன். அன்றைக்கு அவர் போட்ட சாக்பீஸ் கோட்டின் மேலேயே துணியின் விளிம்பு உட்கார்ந்திருந்தது. பொறி பட்டுவிடக் கூடாதென்று அவர் டாப்பைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். நான் கதவு இடங்களில் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைத்தேன். ஆமாம், அவர் சொன்ன அதே கம்பி. அதற்குப் பிறகுதான் தரை.

எல்லாம் முடித்து, கம்பியை எடுத்துவிட்டு, கீலுக்குப் புது ஆணி போட்டுக் கதவை மாட்டி மூடினேன். டக்.

"இன்னொரு தரம்" என்றார் சம்பந்தி.

டக்.

"நான் ஒரு தரம்."

டக். டக். டக்.

"யாரு வர்றது, யாரு போறது?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கத்தினாள்.

பெயின்ட் அடிக்க நாள் இல்லை. செம்மண் நிற ப்ரைமரோடு, முன்விளக்கு ஒன்று லேசாக ஆகாயத்தைப் பார்க்க, கடைசி நாள் மாலை டிப்போ வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மடித்து வைத்த டாப்புக்குக் காவலாகச் சம்பந்தி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

என் மனைவி வெளியே வந்தாள். கூடவே அவள் பஸ் டிரைவர் வந்தான். ஆளில்லாத ரோட்டிலும் அடித்துக்கொண்டே போவதால் அவனுக்கு ஹாரன் என்று பேர். அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றினாள். கதவைத் திறந்து மூடினாள். டக். "ம்" என்றாள். ஏறி உட்கார்ந்து தலையை அண்ணாந்து மேலே பார்த்தாள். மேலே ஒன்றும் இல்லை. அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்புக்கு நான் இன்னும் நாலு வண்டியை வெட்டி ஒட்டுவேன்.

"எங்களுக்கெல்லாம் இடம் இல்லியாக்கா?" என்றான் ஹாரன்.

கேட்டவனைச் சொல்ல வேண்டும். முப்பது வருஷப் பழக்கம் அவளை விடுமா?

"ஏறு, ஏறு! பின்னால இடம் இருக்கு பாரு! உள்ள போ, உள்ள போ!"

ஹாரன் ஏறினான். பஞ்சர் ஒட்டுகிறவர் ஏறினார். கண்டக்டர் பெண்கள் மூன்று பேர் ஏறினார்கள். செக்கிங் இன்ஸ்பெக்டர், பெரிய தொப்பைக்காரர், அவரும் ஏறினார். சம்பந்தி எங்கே என்றே தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது: "டாப்பு மேல உட்காராதீங்க சார்!"

எனக்கு வியர்த்துவிட்டது. "இறங்குங்கய்யா எல்லாரும்! தரை தாங்காது!"

"தரையை யார் போட்டது?" என்றாள் என் மனைவி.

"நான்தான்."

"அப்புறம் என்ன?"

இறங்கினேன். அத்தனை பேர் பாரத்தோடு என் பக்கத்துக் கதவைத் திறந்து மூடினேன். டக். அந்தப் பக்கம் போய் அவள் கதவைத் திறந்து மூடினேன். டக். வேறு யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அவள் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதினாள். "போலாம் ரைட்!"

மூன்றாவது திருப்பத்தில் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் நெற்றியில் ஒன்று. கூட்டத்துக்கு நடுவிலிருந்து சம்பந்தியின் தலை ஆசையோடு மேலே வந்தது.

"மழை வருது சம்பந்தியம்மா. மூடிடலாமா? ரெண்டே நிமிஷம்."

"அண்ணே, தலைக்கு மேல கை போச்சு, அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்டுடுவேன்."

அவர் கையைக் கட்டிக்கொண்டார். மழை வலுத்தது. யாரும் இறங்கவில்லை. கண்டக்டர் பெண்கள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள், ஹாரன் தாவி வந்து என் ஹாரனை அடித்தான். என் மனைவி முகத்தை மழைக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவ்வளவு கஷ்டப்பட்டுத் தச்சேன். மாட்டி யாரும் பாக்கவே இல்ல" என்றார் சம்பந்தி, நனைந்துகொண்டே.

"நான் பாத்தேன். அளவு சரி."

சம்பந்தி முகத்து மழையை வழித்துவிட்டு முன்னால் குனிந்தார்.

"எது சம்பந்தி? டாப்பா, பேன்ட்டா?"

"டாப்பு மட்டும்" என்று சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன்.